உழவனின் பெயரில் ஒரு கோட்டை

17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செம்பரம்பாக்கத்தை அடுத்த பூந்தமல்லியில் இருந்துகொண்டு கடற்கரைப் பகுதியைக் கவனித்துவந்தவர் தாமர்ல அய்யப்ப நாயக்கர். வந்தவாசியில் ஆட்சி செலுத்திய அவருடைய சகோதரர் வெங்கடாத்ரி நாயக்கர், 1639ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டேக்கு மதராசப்பட்டினத்தில் கோட்டை கட்டிக்கொள்ளும் உரிமையை வழங்கினார். அந்த உடன்படிக்கையை ஒட்டி இரண்டு பெயர்கள் இக்கரையில் வேரூன்றின. ஒன்று, நாயக்கர்களின் தந்தை சென்னப்பர் நினைவாக எழுந்த சென்னப்பட்டினம். மற்றொன்று, கோட்டைக்கு ஆங்கிலேயர் சூட்டிய புனித ஜார்ஜ்.

கிரேக்க மொழியில் நிலத்தைக் குறிக்கும் 'கே', உழைப்பைக் குறிக்கும் 'எர்கோன்' ஆகிய இரு சொற்களும் இணைந்து உருவான ஜார்ஜ் என்னும் இப்பெயருக்கு 'உழவன்' என்பதே பொருள். உழவுத் தொழிலைப் பாடிய இலத்தீன் கவிஞர் வெர்ஜில் தம் நூலுக்கு வைத்த 'ஜியார்ஜிக்ஸ்' என்னும் தலைப்பும் இதே வேரில் பிறந்ததாகும். ஆயினும் ரோமப் பேரரசன் டயோக்ளீஷியன் காலத்தில் மறைசாட்சியாக உயிர்நீத்த போர்வீரராக மரபு போற்றும் ஜார்ஜின் புகழ் பரவப் பரவ, ஏர் பிடித்தவனின் பெயர் வேல் பிடித்தவனின் பெயராயிற்று. இங்கிலாந்து அவரைத் தன் காவல் புனிதராக ஏற்றது. சென்னைக் கோட்டையின் முதற்பகுதி அவருடைய திருநாளான ஏப்ரல் 23 அன்று, 1640ஆம் ஆண்டு, நிறைவுற்றதால் அப்பெயர் பெற்றதென்பது வழிவழிச் செய்தி.

அந்தக் கோட்டையிலிருந்துதான் செம்பரம்பாக்கம் போன்ற ஏரிகளின் கீழிருந்த உழுகுடிகளின் வாழ்வும் பின்னர் நிர்ணயிக்கப்பட்டது. ஆற்காட்டு நவாபிடமிருந்து 1763இல் செங்கற்பட்டு ஜாகீரை, அதாவது வரி தண்டும் உரிமையுடன் கூடிய நிலப்பகுதியைப் பெற்ற கம்பெனி, ஊர் ஊராக நிலத்தை அளந்து, விளைச்சலையும் ஏரிகளையும் ஏட்டில் ஏற்றியது. இக்காலத்து இங்கிலாந்து அரியணையில் இருந்தவரும் மூன்றாம் ஜார்ஜே. பின்னாளில், கோட்டைக்கு வடக்கேயிருந்த கறுப்பர் நகரமும் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரால் ஜார்ஜ் டவுன் ஆயிற்று.

அதிகாரம் சூட்டிய இப்பெயர்களை மக்களின் நா பெரும்பாலும் சுருக்கியோ விலக்கியோ வந்திருப்பது கவனிக்கத்தக்கது. சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இயங்கும் அவ்விடம் தமிழருக்கு வெறும் 'கோட்டை'தான். ஜார்ஜ் டவுனுக்குப் பேருந்து ஏறுபவரும் 'பாரிமுனை' என்றோ 'பாரிஸ்' என்றோதான் சீட்டுக் கேட்கிறார். மாறாக, சிரியாக் வழிபாட்டு மொழியின் வழியாகக் கேரளக் கிறித்தவரிடம் வந்து சேர்ந்த அதே பெயர், கீவர்கீஸ், வர்கீஸ், வர்க்கி என வடிவம் மாறி, வீடுதோறும் வழங்கும் பெயராகவே நிலைபெற்றது. ஆலப்புழை மாவட்டத்து எடத்துவாவில் உள்ள புனித ஜார்ஜ் ஆலயத் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் தென் தமிழக மக்களும் திரளாகச் செல்கின்றனர்.