தேயிலை வேருக்குக் காவல் நின்ற பூஞ்சாணம்

பல ஆண்டுகளுக்கு முன்பு செய்தி சேகரிப்பதற்காக அட்டன் பக்கம் சென்றிருந்தேன். ஒரு தோட்டத்தில் முதிய தொழிலாளி ஒருவர், நிழலுக்காக நட்டிருந்த சில்வர் ஓக் மரத்தின் அடிப்பட்டையை வளையமாக உரித்துக்கொண்டிருந்தார். வெட்டப்போகிற மரம் அது என்றார். வெட்டுவதென்றால் ஒரேயடியாக வெட்ட வேண்டியதுதானே, ஏன் இப்படிச் சித்திரவதை என்று கேட்டேன்.

“பச்சையா வெட்டுனா பக்கத்துல நிக்கிற தேயில செத்துரும்யா. பட்டைய உரிச்சுக் காயவிட்டுத்தான் வெட்டணும். எங்கப்பா காலத்துலயும் இப்படித்தான்.”

நான் போனது சம்பளப் பிரச்சினை பற்றி எழுத. குறிப்பேட்டில் ஒரு வரி எழுதியதோடு சரி. அந்த வரிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருப்பது வெகுகாலம் கழித்தே தெரிந்தது.

மலையகத் தமிழரின் கதையில் பூஞ்சாணம் (இலங்கைப் பாடநூல்கள் ‘பங்கசு’ என்று எழுதும்) முதலில் வருவது எதிரியாகத்தான். 1869இல் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் காணப்பட்டது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் த்வெயிட்ஸ் அனுப்பிய இலைகளை ஆராய்ந்த பெர்க்லி, அதற்கு ‘ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயரிட்டார். ‘பாழாக்குவது’ என்று பொருள். பெயருக்கு ஏற்றபடியே நடந்துகொண்டது. உச்சத்தில் சுமார் 2,75,000 ஏக்கரில் பரந்திருந்த கோப்பி, இருபதாண்டுகளுக்குள் பெரும்பாலும் அழிந்தது. 1880 முதல் 1882 வரை இலங்கையில் தங்கி ஆராய்ந்த மார்ஷல் வார்ட், நோயின் வித்துக்கள் காற்றில் பரவுவதையும், மலைமலையாக ஒரே பயிரை நட்டதே அதற்கு வழி திறந்துவிட்டது என்பதையும் விளக்கினார். ஆனால் அப்போது காலம் கடந்திருந்தது.

கோப்பி பருவப்பயிர். தமிழ் மாவட்டங்களிலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து வந்தவர்களில் பலர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். வழியில் மாண்டவர்களும் பலர். தேயிலையோ ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்க ஆள் கேட்கும் பயிர். குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியபோது, அவர்களை அங்கே நிலைநிறுத்தியதில் ஒரு பூஞ்சாணத்துக்கும் பங்குண்டு என்பதை எவர் நினைத்திருப்பார்!

தேயிலைக்கும் நோய் வந்தது, ஆனால் மண்ணுக்கு அடியிலிருந்து. வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளில் பிடித்த பூஞ்சாணங்கள் வேர்வழியே தேயிலைக்குத் தாவின. பேராதனையில் பணியாற்றிய டாம் பெட்ச் இவற்றை விரிவாக ஆராய்ந்து, 1923இல் தேயிலைச் செடியின் நோய்கள் பற்றி நூலே எழுதினார். 1925இல் தொடங்கப்பட்டு, பின்னர் தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரும் அவரே. உயர்ந்த மலைகளில் மிகக் கொடியது ‘போரியா’ என்னும் செவ்வேர் நோய். ஒரு செடி வாடும், இலை உதிராமலே காயும், பிறகு அண்டையிலுள்ள செடி, அதற்கடுத்தது என்று வட்டமாகப் பரவும்.

பட்டை உரித்தலின் விடை ஆப்பிரிக்காவில் கிடைக்கிறது. இன்று மலாவி எனப்படும் நியாசாலாந்தில் 1930களில் லீச் என்ற ஆய்வாளர், மரத்தை வெட்டும் முன் வளையமாகப் பட்டை உரிக்கச் சொன்னார். இலையில் உருவாகும் உணவு வேருக்கு இறங்காது; வேரில் சேமித்திருந்த மாச்சத்தும் தீர்ந்துவிடும். அத்தகைய வேரை நோய்ப் பூஞ்சாணம் விரும்புவதில்லை. மண்ணில் இயல்பாக வாழும் தீங்கற்ற பூஞ்சாணங்கள் முந்திக்கொண்டு அதைத் தின்று தீர்த்துவிடும். அந்த முதியவர் கத்தியால் செய்துகொண்டிருந்தது, நல்ல பூஞ்சாணத்துக்குப் பந்தி விரிக்கும் வேலை!

அந்த நல்ல கூட்டத்தில் முதன்மையானது டிரைக்கோடெர்மா. பச்சை நிற வித்துக்கள் கொண்டது. 1932இல் கலிபோர்னியாவில் வைண்ட்லிங் என்பவர், இது பிற பூஞ்சாணங்களின் இழைகளைச் சுற்றி வளைத்து அழிப்பதைக் கண்டார். நொதிகளால் எதிரியின் செல்சுவரைக் கரைக்கிறது என்பது பின்னர் தெரிந்தது. இதைவிடச் சுவையானது 1951இல் பிளிஸ் வெளியிட்ட ஆய்வு. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களில் வேரழுகலைக் கொல்ல கார்பன் டைசல்பைடு என்ற நஞ்சைச் செலுத்துவார்கள், நோய் போய்விடும். கொன்றது நஞ்சு என்றே எல்லோரும் நம்பினர். பிளிஸின் சோதனையில், கிருமி நீக்கிய மண்ணில் அதே அளவு நஞ்சு நோயைக் கொல்லவில்லை. நஞ்சு எதிரியைத் தளர்த்தியது. கொன்றது மண்ணிலிருந்த டிரைக்கோடெர்மா. வேலை செய்தவன் ஒருவன், பெயர் வாங்கியவன் வேறொருவன். தோட்டத்து மக்களுக்கு இது புதுக்கதையா என்ன?

மலையகத்தில் செவ்வேர் நோய்க்குச் செய்த வைத்தியம் கடுமையானது. நோயுற்ற செடிகளையும் சுற்றியுள்ளவற்றையும் பிடுங்கி, பென்சில் தடிப்புள்ள வேரைக்கூட விடாமல் பொறுக்கி எரிக்க வேண்டும். பிறகு பாலித்தீன் விரிப்பின்கீழ் மெத்தில் புரோமைடு வாயு, ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு குவாத்தமாலா புல், அதன்பின்தான் மறுநடவு. மண்ணைக் கிளறியதும் விரிப்பை இழுத்துக் கட்டியதும் யார் கைகள் என்று சொல்லத் தேவையில்லை. ஓசோன் படலத்தை அரிக்கும் அந்த வாயு 1992இல் மொன்றியல் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. வளரும் நாடுகளின் பயிர்நிலங்களில் அதை நிறுத்த 2015 வரை தவணை தரப்பட்டது. மாற்றுத் தேடியபோது ஆய்வாளர்களின் பார்வை டிரைக்கோடெர்மாவின் பக்கமும் திரும்பியது. வால்பாறையிலுள்ள உபாசி ஆராய்ச்சி நிலையமும் போரியாவுக்கு எதிராக இதைச் சோதித்திருக்கிறது. தேயிலைக்கு வேண்டிய புளிப்பு மண் இதற்கும் உகந்தது. தமிழக உழவர்களுக்கோ இது பழகிய பொருள். கிலோ விதைக்கு 4 கிராம் கலந்து விதைக்கிறார்கள்.

ஆனால் இதை மாயமருந்தாக்கவும் கூடாது. 2021இல் இலங்கை அரசு இரசாயன உரத்தையும் பூச்சிமருந்தையும் ஒரே ஆணையில் தடுத்து, சில மாதங்களிலேயே பின்வாங்கியது. நுண்ணுயிர்கள் எல்லாவற்றையும் ஈடுகட்டும் என்று பேசியவர்கள் அப்போது பலர். டிரைக்கோடெர்மா வேரைக் காக்கும். தழைச்சத்து உரத்துக்கு ஈடாகாது. பட்டினி கிடக்கும் செடிக்குக் காவலாளி மட்டும் போதுமா? மக்கிய எருவில் கலந்து நாற்று மேடையிலும் நடவுக் குழியிலும் இட்டால், நோய் தொடும் முன்பே இடம் பிடித்துக்கொள்ளும். முற்றிய செவ்வேர் நோய்க்கு இன்றும் முதல் வேலை வேர் பொறுக்குவதுதான்.

அந்தப் பழைய குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. “பட்டை உரித்தல் — ஏன்? கேட்கவும்” என்று எழுதியிருக்கிறேன். அந்த முதியவரின் பெயரை எழுதிக்கொள்ளவில்லை.