இங்கிலாந்தின் பங்குப் பதிவேடுகள்

இங்கிலாந்துத் திருச்சபையின் குருமார் தத்தம் பங்கில் (ஓர் ஆலயத்தின் பொறுப்பில் உள்ள வட்டாரத்தில்) நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை எழுதிவைத்த ஏடுகள் பங்குப் பதிவேடுகள் எனப்படும். அரசவைக் குறிப்புகளில் இடம்பெறாத உழவர், கூலியாள், வேலைக்காரப் பெண், அனாதைக் குழந்தை ஆகியோரின் வாழ்க்கையை அறிய இவையும் இவற்றோடு ஆலயப் பெட்டகத்தில் காக்கப்பட்ட கணக்கேடுகளும் முதன்மைச் சான்றுகளாகும்.

தோற்றமும் சட்டங்களும்

எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1538 செப்டம்பரில் பிறப்பித்த ஆணையால் இப்பதிவு தொடங்கியது. ஞாயிறுதோறும் ஆலய நிர்வாகி முன்னிலையில் குரு அந்த வாரப் பதிவுகளை எழுத வேண்டும். ஏட்டை இரு பூட்டுகள் கொண்ட பெட்டகத்தில் வைக்க வேண்டும். புதிய வரிக்கான முன்னேற்பாடு இது என்று மக்கள் அஞ்சினர். தொடக்கத்தில் பல பங்குகள் தாளில் எழுதியதால் ஏடுகள் சிதைந்தன. எனவே பழைய பதிவுகளைத் தோலேட்டில் படியெடுக்க 1598இல் ஆணையிடப்பட்டது. எலிசபெத் அரியணையேறிய 1558 முதலான பதிவுகளுக்கே அது முதன்மை தந்ததால், பல பங்குகளில் முதல் இருபது ஆண்டுப் பதிவுகள் அழிந்தன.

மக்கள் அஞ்சிய வரி 1783இல் வந்தது. பதிவு ஒன்றுக்கு 3 பென்ஸ் விதிக்கப்பட்டது. ஏழைகளுக்கு விலக்கு உண்டு. வரி தொடங்குமுன் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் பெறப் பலர் விரைந்தனர். 1794இல் வரி நீக்கப்பட்டது. பதிவுகளுக்கு அச்சிட்ட படிவங்கள் 1813 முதல் கட்டாயமாயின.

அன்றாட வாழ்க்கை

கம்பளித் தொழிலைக் காக்க, இறந்தவரைக் கம்பளித் துணியிலேயே புதைக்க வேண்டும் என்ற சட்டம் 1660களில் வந்தது, 1678இல் கடுமையாக்கப்பட்டது. மீறினால் 5 பவுண்டு தண்டம். அதில் பாதி தகவல் சொன்னவருக்கும், மீதி அப்பங்கின் ஏழைகளுக்கும் சேரும். லினன் துணியை விரும்பிய வசதிபடைத்த வீட்டார், தம் ஆள் ஒருவரையே தகவல் சொல்ல வைத்துப் பாதிப் பணத்தை மீட்டுக்கொண்டனர்.

1754இல் நடைமுறைக்கு வந்த ஹார்ட்விக் திருமணச் சட்டப்படி, மூன்று ஞாயிறு ஆலயத்தில் மண அறிவிப்பான ஓலையை வாசித்தோ உரிமம் பெற்றோதான் மணம் நடக்க வேண்டும். மணமக்கள் ஏட்டில் கையெழுத்திட வேண்டும். எழுதத் தெரியாதோர் பெருக்கல் குறியிட்டனர். அக்காலத்தில் ஆண்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினரே பெயரெழுத அறிந்திருந்தனர் என்பதும், பெண்களில் அது இன்னும் குறைவு என்பதும் இக்குறிகளைக் கொண்டே கணிக்கப்பட்டன.

ஆலயக் கணக்கேடுகளில் முள்ளெலித் தலைக்குக் கொடுத்த காசும் உண்டு. தானியத்தைக் காக்க 1566இல் இயற்றிய சட்டம், தீங்குயிர்களாகக் கருதப்பட்டவற்றைக் கொல்வோருக்குப் பங்குப் பணத்திலிருந்து பரிசளிக்கச் செய்தது. முள்ளெலி இரவில் பசுவின் மடியில் பால் குடிக்கும் என்பது அன்றைய நம்பிக்கை.

ஏழை நிவாரணம்

1601ஆம் ஆண்டுச் சட்டம் ஏழைகளைக் காக்கும் பொறுப்பைப் பங்குகளிடம் தந்தது. 1662ஆம் ஆண்டுச் சட்டம், பிழைப்புத் தேடி வந்த ஏழையைச் சொந்தப் பங்குக்குத் திருப்பியனுப்ப வழிசெய்தது. எந்தப் பங்கு சோறிட வேண்டும் என்பதை முடிவுசெய்ய நடந்த விசாரணைகளில், பிறந்த ஊர், வேலைபார்த்த வீடுகள், பெற்ற கூலி ஆகியவற்றை ஏழைகள் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதினர். எழுதப்படிக்கத் தெரியாதவர்களின் வாழ்க்கை வரலாறுகளாக இத்தாள்கள் எஞ்சின.

ஆய்வுகள்

ஒரே குடும்பத்தின் பதிவுகளைக் கோத்துப் பார்க்கும் குடும்ப மீட்டுருவாக்க முறையை, பிரெஞ்சு ஆய்வாளர் லூயி ஆன்றி வகுத்தார். அதை டெவன் மாவட்டத்துக் கோலிட்டன் பங்கில் பயன்படுத்திய ஈ. ஏ. ரிக்லி, 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்குப் பெண்களின் சராசரி மணவயது 30ஐ நெருங்கியதை 1966இல் காட்டினார். முன்னோர் சிறுவயதிலேயே மணந்தனர் என்ற எண்ணம் இதனால் தகர்ந்தது. ரிக்லியும் மற்றோர் ஆய்வாளரான ஸ்கோஃபீல்டும் 404 பங்குகளின் பதிவுகளைக் கொண்டு, 1541 முதலான இங்கிலாந்து மக்கள்தொகை வரலாற்றை 1981இல் வெளியிட்டனர்.

வரம்புகள்

இவ்வேடுகள் பெரும்பாலும் பிறந்த நாளை அல்ல, ஞானஸ்நான நாளையே தருகின்றன. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த சிசுக்கள், கத்தோலிக்கர், யூதர், பிற சபையினர் பலர் இவற்றில் விடுபட்டனர். 1752க்கு முன் ஆண்டு மார்ச் 25இல் தொடங்கியதால், ஏட்டில் 1650 ஜனவரி என்றிருப்பது இன்றைய கணக்கில் 1651 ஆகும். 1837 ஜூலை 1 முதல் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவை அரசு மேற்கொண்டது. ஆலய ஏடுகளும் தொடர்ந்தன.