தவறும் ஏணியாகும்

திருவண்ணாமலைக் கோபுரத்தை அண்ணாந்து நோக்கும் எவர்க்கும் அருணகிரிநாதர் நினைவு எழும். நெறி தவறிய வாழ்வு திருந்திச் சந்தக் கவியாகப் பெருகிற்று என்பது செவிவழி வந்த மரபு. மரபு உள்ளத்தைத் தொடும்; வரலாறு சான்று கேட்கும். தவறு ஒருவரை எவ்வாறு உயர்த்துகிறது என்பதற்கு ஆண்டும் நாளும் குறித்த சான்று வேண்டுவோர் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இவ்வூரிலிருந்து விழுப்புரம் செல்லும் இருப்புப்பாதையிலேயே, தென்பெண்ணைக் கரையில், திருக்கோவிலூர் இருக்கிறது.

1910-ஆம் ஆண்டில் அவ்வூருக்கு 22 வயது இளைஞர் ஒருவர் வந்தார். கையில் கணக்குகள் நிறைந்த குறிப்பேடுகள் இருந்தன, பட்டம் இல்லை. அவரே சீனிவாச இராமானுஜன். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் 1904-இல் உதவித்தொகையுடன் சேர்ந்தவர், கணிதத்திலேயே மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால் அத்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எப்.ஏ. தேர்வில் தேறவில்லை, 1907-இல் மீண்டும் எழுதியும் பயனில்லை.

அந்நாளில் திருக்கோவிலூரில் டிப்டி கலெக்டராக விளங்கியவர் வி. இராமசாமி ஐயர். இந்தியக் கணிதக் கழகத்தை 1907-இல் தோற்றுவித்தவர் அவரே. அவரிடம் இராமானுஜன் வேண்டியது தாலுகா அலுவலகத்தில் ஓர் எழுத்தர் வேலை. குறிப்பேடுகளைப் புரட்டிய ஐயரோ, அத்தகைய அறிவை அலுவலகக் கட்டுகளுக்கிடையே புதைக்க மனங்கொள்ளாது, சென்னைக் கணித அறிஞர்க்குக் கடிதம் தந்து அனுப்பினார்.

இதுகாறும் கூறியது தேர்வில் நேர்ந்த தோல்வி. இதனினும் பெரிய தோல்வி அவர்தம் கணிதத்திலேயே நேர்ந்தது. சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்தபோது, 1913 சனவரி 16-இல், கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் புகழ் வாய்ந்தது. ஓர் எல்லைக்குள் எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதை ஏறத்தாழப் பிழையின்றிக் கூறும் வாய்பாடு தம்மிடம் உண்டென்று அதில் தெரிவித்தார். 1000-க்குள் உள்ள பகா எண்கள் 168. இத்தகைய சிறிய எல்லைகளில் அவர் வாய்பாடு நன்கு பொருந்திற்று. ஆயினும், எல்லை விரிய விரியப் பிழையும் வளரும் என்பதை ஹார்டியும் லிட்டில்வுட்டும் கண்டனர். கலப்பெண் சார்புகள் பற்றிய கல்வி இராமானுஜனுக்குக் கிட்டாதிருந்தமையே காரணம்.

1914-இல் அவர் இங்கிலாந்து சென்றார். ஹார்டி அவருடைய தன்னம்பிக்கை குன்றாதவாறு வேண்டுவனவற்றை மெல்லக் கற்பித்தார். திருத்துவதற்கும் ஒரு முறை உண்டன்றோ! இருவரும் 1918-இல் எண் பிரிவினை பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என 5 வகையாகப் பிரிக்கலாம். 200-ஐப் பிரிக்கும் வகைகளோ 39,72,99,90,29,388. மக்மகான் என்பார் தனியே கணக்கிட்ட இவ்விடையோடு, அவர்கள் வாய்பாட்டின் எட்டு உறுப்புகளைக் கூட்டிய தொகை 0.004 அளவே வேறுபட்டது. அவ்வாய்பாட்டிற்கு அடிப்படை யாது? கலப்பெண் சார்புகளே! எக்கல்வியின் குறையால் முன்னர்த் தவறினாரோ, அக்கல்வியே பின்னர் வெற்றிக்குக் கருவியாயிற்று. அவ்வாண்டிலேயே இராயல் கழகம் அவரைத் தன் உறுப்பினராக்கியது. 1920 ஏப்ரல் 26-இல் அவர் மறைந்தபோது வயது 32.

மாணவர்களே, இராமானுஜன் தேர்வில் தவறினார். ஆகவே நாமும் பாடங்களைப் புறக்கணிக்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள். அத்தோல்வி அவருக்கு வறுமையையும் அலைச்சலையுமே தந்தது. அவரை உயர்த்தியது வேறு. தம் முடிவுகளைக் குறிப்பேட்டிலேயே மறைத்து வையாது, குற்றங்காண வல்லவர் முன் வைத்தார். குறை தெரிந்தபின் கற்கத் தயங்கினாரில்லை. விடைத்தாள் திரும்பி வந்ததும் மதிப்பெண்ணை மட்டும் நோக்கி மடித்து வைப்பவர் பலர். சிவப்பு மையால் சுழித்த இடத்தை ஆசிரியரிடம் காட்டி, "இஃது ஏன் தவறு?" என்று வினவுபவர் சிலர். தவறு ஏணியாவது அச்சிலருக்கே.