திரையும் நரையும்

செய்தி வாசிப்பவரின் தகுதி அறிவா, முகமா? இலாபத்தையே நோக்கும் ஒளிபரப்பு இதற்களித்த விடையை நீதிமன்ற ஏடுகள் காட்டுகின்றன.

அமெரிக்காவின் கன்சாஸ் நகரத் தொலைக்காட்சி நிலையமொன்று 1981இல் கிறிஸ்டின் கிராஃப்ட் என்பாரைச் செய்தி வாசிப்பாளர் பதவியினின்று இறக்கியது. வயதும் தோற்றமும் ஆடவர்க்குப் பணியாமையுமே காரணமெனத் தம்மிடம் கூறப்பட்டதாக அவர் வழக்காடினார். அப்பொழுது அவருக்கு வயது 36. வயதுப் பாகுபாட்டைத் தடுக்கும் 1967ஆம் ஆண்டுச் சட்டமோ 40 வயது நிறைந்தோர்க்கே காவலாயிற்று. ஆகவே பால் பாகுபாடு, மோசடி முதலிய வழிகளிலேயே அவர் போராட நேர்ந்தது. மோசடி வழக்கில் இரு யூரர் சபைகள் அவர் பக்கம் நின்றன. 1985இல் மேன்முறையீட்டு நீதிமன்று அவ்வெற்றியைப் பறித்தது.

பிரித்தானியாவின் 2006ஆம் ஆண்டு விதிகள் வயதையே பெயர் குறித்துக் காத்தன. 2009இல் பி.பி.சி.யின் கிராமிய நடப்பு நிகழ்ச்சியினின்று விலக்கப்பட்ட, ஐம்பது கடந்த மிரியம் ஓரைலி, 2011இல் தொழில் தீர்ப்பாயத்தில் வென்றார். அறுபது கடந்த ஆடவரொருவர் அந்நிகழ்ச்சியில் நீடித்தார். ஆணின் நரை அனுபவம். பெண்ணின் நரை குற்றம்!

நமது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கொள்கை, பிறப்பிடம் என எண்ணிச் செல்கிறது. வயது அவ்வரிசையில் இல்லை. தனியார் துறையின் குறைந்தபட்ச ஓய்வு வயதை 2021ஆம் ஆண்டுச் சட்டம் 60 ஆக்கியது உண்மையே. ஆனால் வேலையில் இருக்கவே திரையினின்று ஒதுக்கப்படும் பெண்ணுக்கு அது போதுமா?

சட்டம் பெயரிடாத அநீதி நீதிமன்றின் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. அதற்குப் பெயரிடச் செய்வது உழைப்போரின் ஒற்றுமையே.