மூன்று ஓலைகளும் ஐப்பசி மழையும்

சவ்வாது மலைமேல் மேகம் இறங்கும் ஐப்பசியில்தான் திருப்பத்தூர்ப் பகுதியில் திருமணப் பேச்சு சூடுபிடிக்கிறது. புரட்டாசியில் மணம் வைப்பதில்லை என்பது ஊர் வழக்கம். அது கிறித்தவர்களாகிய நம்மைக் கட்டுப்படுத்தாதுதான். ஆயினும் நம் விருந்துக்கு வர வேண்டிய அண்டை வீட்டார் அதனைப் பேணுவதால் நாமும் ஒதுங்கிக்கொள்கிறோம். மறுபுறம், நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடைப்பட்ட ஞாயிறன்று திருவருகைக் காலம் தொடங்கிவிடும். இவ்விரு வேலிகளுக்கும் நடுவே எஞ்சுவன ஏறத்தாழ ஆறு வாரங்கள். அவையோ பழந்தமிழர் கூதிர் என்றழைத்த மழைக்காலத்தில் அமைந்தவை.

மழை என்பது இங்கே பந்தலை நனைப்பதோடு நிற்பதில்லை. 1903 நவம்பர் 12 அன்று, மைசூர்ச் சீமையில் ஏரிகள் உடைந்து பாலாற்றில் பெருகிய வெள்ளம், வாணியம்பாடியில் சுமார் 200 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அவ்வாண்டுத் திருவருகைக் காலம் தொடங்க அப்போது 17 நாள்களே இருந்தன. மணநாள் குறித்துக் காத்திருந்த வீடுகளும் அவ்வூரில் இருந்திருக்கும். 2021 நவம்பரிலும் பாலாறு கரைபுரண்டதை நாமே கண்டோம்.

இத்தனை அவசரமும் எதற்காக? "திருவருகைக் காலத்தில் கலியாணம் ஆகாது" என்று பெரியோர் சொல்வர். இந்த விதி பிறந்த நாளைத் தேடிச் சென்றால், 1563 நவம்பர் 11 அன்று நடந்த திரிதெந்து பொதுச்சங்கத்தின் 24ஆம் அமர்வுக்கு வந்து சேர்கிறோம். திருவருகைக் காலத் தொடக்கம் முதல் திருக்காட்சிப் பெருவிழா வரையிலும், திருநீற்றுப் புதன் முதல் உயிர்ப்பு ஞாயிற்றின் எட்டாம் நாள் வரையிலும் ஆடம்பரத் திருமணங்கள் ஆகா என்ற பழைய தடையை அச்சங்கம் அன்று உறுதிப்படுத்தியது. தடை ஆடம்பரத்திற்குத்தான். 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு இதனை இன்னும் தெளிவாக்கிற்று: எக்காலத்திலும் மணம் முடிக்கலாம், சிறப்பு ஆசீர்வாதம் மட்டுமே அக்காலங்களில் விலக்கு. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் இத்தடையே இல்லை.

ஆனால் அதே நாளில், அதே அமர்வில் வேறு சிலவும் தீர்மானிக்கப்பட்டன. அவற்றை நாம் அவ்வளவாக நினைவில் வைக்கவில்லை. முதல் மனைவியை மறைத்து மற்றொருத்தியை மணப்பவர்களால் விளைந்த கேட்டினைக் கண்டு, தொடர்ந்து மூன்று கடன் திருநாள்களில் திருப்பலியின்போது திருமண அறிவிப்பு வாசிக்கப்பட வேண்டுமென்று சங்கம் கட்டளையிட்டது. நம் பங்குகளில் 'ஓலை வாசித்தல்' என்பது இதுவே. மணமக்கள் இருவரையும் பங்குத்தந்தை வினவி அவர்தம் சம்மதத்தை அறிய வேண்டும் என்பதும், அதிகாரமுடையோர் எவரையும் வற்புறுத்தி மணம் செய்விக்கலாகாது என்பதும் அன்றைய விதிகளே. தமிழ் மண்ணிலும் இக்கேள்வி எழாமற் போகவில்லை. திருத்தந்தையின் தூதராக வந்த தூர்னோன் 1704இல் புதுச்சேரியில் பிறப்பித்த ஆணை, தாலியின் உருவம் பற்றிய சர்ச்சைக்காகவே பெரிதும் பேசப்படுகிறது. ஆறேழு வயதுக் குழந்தைகளுக்குத் தாலி கட்டி அதனையே பிரிக்கவியலாத திருமணமாகக் கொள்ளும் வழக்கத்தையும் அந்த ஆணை விலக்கிற்று. இதனை எத்தனை பேர் அறிவர்?

இன்று நாம் நாள் குறிக்கும் முறையைப் பாருங்கள். ஆறு வாரங்களுக்குள் மண்டபம் கிடைக்க வேண்டும். ஆகவே முன்பணம் முதலில் போகிறது. அழைப்பிதழ் அச்சாகிறது, சமையற்காரர் பேசப்படுகிறார். ஓலைக்குரிய விவரங்களோடு வீட்டார் பங்குத்தந்தையிடம் வருவது அதன் பிறகுதான். மூன்று ஞாயிறுகள் இல்லையே, ஓர் ஓலையைக் குறைக்கலாகாதா என்ற வேண்டுகோளும் கூடவே வருகிறது! மணமகளைத் தனியே அமரவைத்து, "உனக்கு முழுச் சம்மதமா, அம்மா?" என்று அவர் கேட்கும் வேளையில், அவளது பெயர் அச்சான அழைப்பிதழ் வேலூர் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். அப்போது 'இல்லை' என்று சொல்ல எந்தப் பெண்ணுக்கு நா எழும்?

வரும் கூதிரில் மணம் வைக்க எண்ணுவோர் ஆவணியிலேயே பங்குத்தந்தையைக் கண்டுவிடலாம். அதற்கும் முன்னதாக, வீட்டுக்குள்ளே பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். மண்டபத்திற்கு அடுத்த வாரம் போனால் போதும்.