இசைத்தட்டும் தோட்டத்துப் பாட்டும்

அமெரிக்க நாட்டார் இசைப் பாடகி டிரேசி சாப்மன், 1988இல் தம் பெயரையே தலைப்பாக்கி வெளியிட்ட முதல் பாடல் தொகுப்பு, 2025 ஏப்ரலில் மீண்டும் கருப்பு இசைத்தட்டாக வெளிவந்தது. 35ஆம் ஆண்டு நிறைவுப் பதிப்பு என்று அதற்குப் பெயர். இரண்டாண்டுத் தாமதத்தை நாம் பொருட்படுத்த வேண்டுவதில்லை.

மாணவப் பருவத்தில் ஹார்வர்டு சதுக்கத் தெருவில் கிதாரோடு பாடியவர் அவர். ஹார்வர்டு என்றதும் குருண் வட்டாரத்தார்க்குப் பீடோங்கிலுள்ள தோட்டமே நினைவுக்கு வரும். ஒப்புமை பெயரளவில் நின்றுவிடவில்லை. அவரைப் புகழுக்கு உயர்த்திய 'ஃபாஸ்ட் கார்', குடிகாரத் தந்தையைப் பேணுவதற்காகப் பள்ளியை விட்ட மகளின் கூற்று. கெடாத் தோட்டத் தொழிலாளர் 1947இல் கள்ளுக்கடைகளை எதிர்த்துத் திரண்ட வரலாற்றை அறிந்தோர்க்கு அஃது அயலார் கதையன்று.

ஆயின் அவர் பாட்டுக்கு மூல ஒலிநாடா இருந்தது, மறுபதிப்பு இயன்றது. பெரட்டுக்கு நின்ற களைப்பையும் கங்காணியின் கடுமையையும் பாடிய நம் தோட்டத்துப் பெண்களின் பாடல்கள் பெரும்பாலும் எழுத்தாகவே எஞ்சின. எழுத்து எவ்வளவு தாங்கும்? இசையில் ஒலிகள் தம் மாத்திரையைக் கடந்து நீளும் என்றும், அது யாழ் நூலுக்கு உரியது என்றும் தொல்காப்பியர் நூன்மரபின் இறுதியிலேயே கூறிவிட்டார். அளபெடைக் குறியிட்டு எழுதினாலும், குரல் எங்கே தழுதழுத்தது என்பதை ஏடு சொல்லாது.

இதில் எம் பிழையும் உண்டு. இளம் ஆய்வாளராகப் பாடல் திரட்டிய காலத்தில், ஒரு மூதாட்டி 'வெள்ளன' என்று பாடியதை 'விடியலில்' எனத் திருத்தி எழுதினோம். 'பெரட்டு' என்பது 'பரேடு' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு என்று அடிக்குறிப்பிடத் தெரிந்த எமக்கு, அவர் அதன் முதலுயிரை எகரமாக ஒலித்தாரா, இகரமாக ஒலித்தாரா என்று குறித்துவைக்கத் தோன்றவில்லை. குறிப்பேடு இன்றும் உள்ளது, பாடியவர் இல்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் தாமான்களில் குடியேறிய முதியோரிடம் செல்லும் மாணவர்களிடம் கைப்பேசி இருக்கிறது. பாடுபவர் இடையில் இருமினாலும், அடி மறந்து நின்றாலும், பதிவை வெட்டாதிருக்க வேண்டுகிறோம். பிறந்த தோட்டத்தையும், அப்பாட்டை யாரிடம் கேட்டறிந்தார் என்பதையும் அவர் குரலிலேயே சொல்லச் செய்க. எழுத்துப்பெயர்ப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.