வராத மடலும் கேளாமல் வந்த செய்தியும்: வடிப்பான்களின் அரசியல் சாய்வு குறித்து ஒரு மறுவாசிப்பு

தேர்தல் பரப்புரை மடல்களை ஸ்பேம் பெட்டிக்குத் தள்ளும் மின்னஞ்சல் வடிப்பான்கள் கட்சிச் சார்புடையவை என்போர் பெரும்பாலும் முன்வைக்கும் சான்று, வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வு. அந்தச் சான்றில் பாதி இன்னும் சரிவர வாசிக்கப்படவில்லை. வாசிக்கப்பட்ட பாதியை மட்டும் கொண்டு நம் பகுதியின் கடலூர், சிதம்பரம் தொகுதிகளை ஆராயப் புகுந்தால், கேள்வியே பிழையாகிவிடும்.

அந்த ஆய்வு 102 கணக்குகளைத் தொடங்கி, 2020 அமெரிக்கத் தேர்தலை ஒட்டி ஜூலை முதல் நவம்பர் வரை வந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மடல்களைக் கணக்கிட்டது. ஜிமெயில், இடதுசாரி வேட்பாளர்களின் மடல்களைவிட வலதுசாரி வேட்பாளர்களின் மடல்களை 59.3 விழுக்காடு கூடுதலாக ஸ்பேம் எனக் குறித்தது. வழக்கமான வாசிப்பு இந்த எண்ணோடு நின்றுவிடுகிறது. ஆனால் அவுட்லுக்கும் யாகூவும் எதிர்த்திசையில் சாய்ந்தன: இடதுசாரி மடல்களை முறையே 20.4, 14.2 விழுக்காடு கூடுதலாக ஒதுக்கின. நிறுவனங்களின் கொள்கைதான் காரணம் என்றால், ஒரே தொழிலில் உள்ள மூன்றும் ஏன் இப்படிப் பிரிந்தன என்பதற்கு முதலில் விடை வேண்டும்.

அதிகம் மேற்கோள் காட்டப்படாத இன்னொரு முடிவும் அதே ஆய்வில் உண்டு. மடல்களைத் திறந்து படித்ததால் மட்டும் ஜிமெயிலின் சாய்வு மாறவில்லை. ஸ்பேமிலிருந்து இன்பாக்ஸுக்கோ, இன்பாக்ஸிலிருந்து ஸ்பேமுக்கோ மடல்களை மாற்றியபோது சாய்வு கணிசமாகக் குறைந்தது. அப்படியானால் பெரிதாகப் பேசப்படும் 59.3, எவரும் கைவைக்காத கணக்குகளின் எண். குடியேறாத வீட்டின் திண்ணையில் அமர்ந்து அவ்வீட்டாரின் குணத்தை எழுதுவதற்கு ஒப்பானது இது. ஒத்த தன்மையுள்ள மடல்களை இணைத்து ஒப்பிட்டபோதும் வேறுபாடு எஞ்சியது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் எஞ்சியது வேறுபாடு, உள்நோக்கம் அன்று. குடியரசுக் கட்சியின் தேசியக் குழு தன் மடல்களை ஜிமெயில் ஸ்பேமுக்குத் தள்ளுவதாக 2022 அக்டோபரில் கூகுள் மீது தொடுத்த வழக்கை, 2023 ஆகஸ்டில் கலிஃபோர்னியக் கூட்டாட்சி நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தீர்ப்பு ஆய்வுக்கு விடையாகாது என்பர். உண்மைதான், ஆனால் என் வாதம் தீர்ப்பின் மேல் நிற்கவில்லை.

இனி நம் பகுதி. 2019இல் சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் தொல். திருமாவளவன் வென்ற வாக்கு வித்தியாசம் 3,219. இவ்வளவு நெருங்கிய போட்டியில் வடிப்பானே முடிவை மாற்றக்கூடும் என்ற வாதம் கவர்ச்சியானது. ஆனால் இங்கே பரப்புரை மின்னஞ்சலை நம்பி நடப்பதில்லை. வாட்ஸ்அப், குறுஞ்செய்தி, ஒலிபெருக்கி, வாசல் வாசலாக வரும் கட்சிக்காரர் ஆகியவற்றால் நடக்கிறது. இந்த வாதத்துக்கு மேலும் இடம் தருவது வீண்.

கடலூருக்கு வடக்கே, எல்லை தாண்டினால் புதுச்சேரி. 2021 சட்டமன்றத் தேர்தலின்போது, ஆதாருடன் இணைந்த கைபேசி எண்களுக்கு பாஜக குறுஞ்செய்தி அனுப்பி வாக்காளர்களை வாட்ஸ்அப் குழுக்களில் சேர அழைத்தது என்ற புகார் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. கட்சி அதை மறுத்தது. தரவு கசியவில்லை என்று ஆதார் ஆணையமும் கூறியது. புகாரின் உண்மை பொய்யை விடுத்து அதன் வடிவத்தை மட்டும் நோக்குகிறேன். அமெரிக்க வழக்கில் அனுப்பியவர், மடல் போய்ச் சேரவில்லை என்று முறையிட்டார். புதுச்சேரியில் முறையீடு, கேளாமலே செய்தி வந்து சேர்ந்தது பற்றியது.

எனவே கடலூரிலும் சிதம்பரத்திலும் ஆராயத்தக்க கேள்வி எந்தக் கட்சியின் மடல் தடுக்கப்பட்டது என்பது அன்று. வாக்காளரின் எண் கட்சியின் கைக்கு எவ்வழியே வந்தது என்பதே.